கண்மாய்க்குக் கீழே நான்கு சென்ட்: வாங்கலாமா, வேண்டாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவருக்கு மண்டபத்தில் வேலை. கல்யாணமானதிலிருந்து டவுனில் வாடகை வீடுதான். ராமநாதபுரத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், கண்மாய்க் கரையை ஒட்டிய ஓர் ஊரில் நான்கு சென்ட் மனை பார்த்திருக்கிறோம். சில வருடங்களுக்கு முன்பு வரை நெல் விளைந்த இடம். இருவருக்கும் வேலைக்குப் போய்வரத் தோதாக இருக்கிறது. "கண்மாய் பக்கத்துலயே இருக்கு, போர் போட்டா நல்ல தண்ணி" என்கிறார் புரோக்கர். என் மாமனார் விவசாயி. "மடைக்குக் கீழ வீடு கட்டுனா அடைமழைக்குத் தூக்கம் வராதும்மா" என்று தடுக்கிறார். அங்கே ஏற்கெனவே வீடு கட்டிக் குடியிருக்கும் தோழியோ, "ஊர்க்காரங்க நம்மள பிளாட்டுக்காரங்கன்னு ஒதுக்கிப் பேசுறாங்க, சாக்கடைத் தகராறு ஓய மாட்டேங்குது" என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமநாதபுரம்

பதில் (கட்டுமானப் பொறியாளர்):

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மூன்றுமே அந்தக் கண்மாயைப் பற்றிய பேச்சுதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் மழைக்காலத்தில் ஒருமுறையாவது அந்த இடத்தைப் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகு, "கண்மாய் ஊர்க்காரங்க பாடு, நமக்கென்ன" என்று இருக்க முடியாது என்பதையும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மனை வாங்க வருகிறவர்களிடம் இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் சொல்வதில்லை. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வயல் ஏன் மனையாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பட்டணம்காத்தான் பக்கம் கலெக்டர் அலுவலகம் இருக்கிறது. 2022-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வரை ஓடுகிறது. இந்தப் பக்கம் ராமநாதபுரம், அந்தப் பக்கம் மண்டபம், ராமேஸ்வரம் என்று தினமும் போய்வருகிறவர்களுக்கு இடைப்பட்ட ஊர்கள் வசதி. இதுவரை சரி. ஆனால் நம் பகுதிக் கிராமங்களின் அமைப்பைக் கவனித்திருப்பீர்கள். பழைய வீடுகளெல்லாம் நத்தத்தில், மேட்டில் இருக்கும். பள்ளத்தில் வயல் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கண்மாய்க் கரை ஓடும். மேட்டில் இனி இடமில்லை. விவசாயத்தில் போட்ட காசு திரும்பாதவர்கள் பள்ளத்தில் இருக்கிற நஞ்சையை விற்கிறார்கள். ஆகவே இன்று விலைக்கு வரும் மனைகளில் பெரும்பாலானவை, நம் பாட்டன் காலத்தில் யாரும் வீடு கட்ட நினைத்திராத இடங்கள். உங்கள் மாமா தடுப்பது அதனால்தான். அவருடைய பேச்சைப் பழைய காலத்துப் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நம் மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் இத்தனை கண்மாய்கள். ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு பார்த்திபனூர் மதகணையிலிருந்து வைகைத் தண்ணீர் வரும். கடற்கரையை ஒட்டிய சிறிய கண்மாய்களில் பல மழையையும், மேலே உள்ள கண்மாய் நிறைந்து வழியும் மறுகால் தண்ணீரையும் நம்பியிருப்பவை. ஒன்று நிறைந்து மறுகால் போனால் அடுத்ததற்குத் தண்ணீர். கடைசிக் கண்மாய்க்குக் கீழே தரவை என்கிற தரிசு வெளி, அதற்குக் கீழே கடல். நீங்கள் சொல்லும் ஊர் இருக்கும் இடத்தைப் பார்த்தால், அநேகமாக இந்த வரிசையின் கடைசிப் பக்கத்தில்தான் வரும். அப்படியென்றால் மேலே எத்தனை கண்மாய் நிறைகிறதோ அத்தனையின் மிச்சமும் உங்கள் ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். "நம்ம கண்மாய்க்கு எந்தக் கண்மாய் மறுகால் வருது?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். மனையைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

மாமா பயப்படுவது கரை உடைவதைப் பற்றி. ஒழுங்காகப் பராமரித்த கரை, கண்மாய் நிறைந்ததற்காக உடையாது. உடைவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. கரையில் வேலிக்கருவை அடர்ந்து, வெட்டிய பிறகு அதன் வேர் மண்ணுக்குள்ளேயே மக்கிப்போனால் அந்தப் பொந்து வழியாகத் தண்ணீர் கசியத் தொடங்கும். எலி வளையும் நண்டு வளையும் சேர்ந்தால் கசிவு பெரிதாகும். இதைவிட மோசமானது கலுங்கு, அதாவது கண்மாய் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறக் கட்டிய இடம், அடைபடுவது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கியிருப்பார்கள். அல்லது கலுங்கிலிருந்து வெளியேறும் மறுகால் ஓடையை யாராவது குறுக்கி மதில் கட்டியிருப்பார்கள். அப்போது தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் கரையின் மேல் ஏறும். மண் கரையைத் தாண்டித் தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அதைத் தடுக்க நேரம் இருக்காது.

ஆகவே கரைமேல் ஏறி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பாருங்கள். கரையின் வெளிப்பக்க அடியில், மழை விட்டுச் சில நாள் ஆன பிறகும் ஓர் இடத்தில் மட்டும் சதசதவென்று ஈரமும் பச்சையும் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. பிறகு கலுங்குக்குப் போய், அங்கிருந்து மறுகால் ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே நடங்கள். ஓடை எங்காவது திடீரென்று ஒரு சிமெண்ட் குழாய்க்குள் நுழைகிறதா? வீட்டுச் சுவருக்கும் சாலைக்கும் நடுவில் ஓரடிச் சந்தாகச் சுருங்குகிறதா? அது உங்கள் மனைக்கு மேல்புறம் இருந்தால் அந்த மனை வேண்டாம். மறுபேச்சே இல்லை.

அடுத்தது மட்டம். கரைக்குக் கீழே உள்ள நிலம் கண்மாயின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும். மடை வழியாகத் தண்ணீர் தானாகப் பாய வேண்டுமே. அதனால் தாழ்வு என்பதற்காக மட்டும் ஒரு மனையைத் தள்ள வேண்டியதில்லை. எவ்வளவு தாழ்வு, விழுகிற மழை எந்தப் பக்கம் வடியும் என்பதுதான் தெரிய வேண்டும். ஆட்டோ லெவல் கருவி வைத்திருக்கும் சர்வேயர் ஒருவரை அழைத்து, கலுங்கின் மேல்மட்டம், முன்னால் உள்ள சாலை, உங்கள் மனை, மனைக்குக் கீழே உள்ள வடிகால் ஆகிய நான்கு இடங்களின் மட்டத்தை எடுக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. லட்சக்கணக்கில் பணம் போடும் இடத்துக்கு இந்தச் சிறு செலவைச் செய்ய நம்மவர்கள் தயங்குவது எனக்குப் பெரிய வருத்தம்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு வருடத்து மழையில் பாதி, ஒரே நாளில். இனிமேல் இந்தப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் அப்படி ஒரு நாளை மனதில் வைத்துத்தான் பேஸ்மட்டம் போட வேண்டும். சாலையிலிருந்து மூன்றடிக்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதன் மட்டம் ஏறும், வீடு ஏறாது. மனையைச் சுற்றியும் கிராவல் அடித்து மேடாக்குகிறவர்களைப் பார்க்கிறேன். அதனால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் போகிறதே தவிர, ஊரை விட்டு வெளியேறுவதில்லை. வீட்டின் தளத்தை உயர்த்துங்கள், மனையின் மண்ணை அது கிடக்கிறபடி விடுங்கள்.

இனி காகிதங்கள். பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை வக்கீல் பார்த்துக்கொள்வார். நகர் ஊரமைப்புத் துறை அனுமதி இருக்கிறதா, நஞ்சையை மனையாக்க முறைப்படி இசைவு வாங்கினார்களா என்றும் அவர் பார்ப்பார். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவே சொல்கிறது. "பத்திரம் ஆகிடும், நான் பாத்துக்கறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வக்கீல்கள் பலர் பார்க்காத காகிதம் ஒன்று உண்டு. மனைப்பிரிவு வரைபடத்தையும், அந்தச் சர்வே எண்ணுக்கு அரசு அளந்து வரைந்த புல வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புல வரைபடம் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. கிராம வரைபடத்தின் நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றிலும் வாய்க்கால், ஓடை, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே போகிறது என்று பென்சிலால் கோடிழுத்துப் பாருங்கள். மனைப்பிரிவு வரைபடத்தில் அழகாக "20 அடிப் பாதை" என்று எழுதியிருக்கும் இடம், புல வரைபடத்தில் வாய்க்காலாக இருந்தால் அங்கேதான் சிக்கல். மழை பெய்தால் தண்ணீருக்கு உங்கள் மனைப்பிரிவு வரைபடம் தெரியாது, பழைய தடத்தில்தான் வரும். கிராமத்து நிலங்களின் வகையைக் குறிக்கும் 'அ' பதிவேட்டில் பக்கத்துச் சர்வே எண்களின் வகைப்பாட்டையும் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால், அதை எந்தப் பெயரில் விற்றாலும் செல்லாது. ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. குளத்தை வீட்டுமனையாக ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் தீர்ப்பளித்திருக்கிறது. கரண்ட் வாங்கி, வீட்டு வரி கட்டி, இருபது வருடம் குடியிருந்தாலும் அந்த இடத்துக்கு உரிமை வராது.

உங்கள் கண்மாய் பறவைகள் சரணாலயமாக இருந்தால் வனத்துறையின் கட்டுப்பாடுகளும் சேரும். ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாயும், தேர்த்தங்கல் சரணாலயமும் 2025 பிப்ரவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அப்படிப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் வீடு அமைவது கொடுப்பினை. விதிகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

புரோக்கர் சொன்ன நல்ல தண்ணீருக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. கடலோரத்தில் நிலத்தடியில் உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாக மிதக்கிறது. கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் கசிவு இறங்கி அந்தப் படலம் தடிக்கும். மார்கழியில் போர்த் தண்ணீரைக் குடித்துக் காட்டினால் இனிக்கத்தான் செய்யும். பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றியபின், நாற்பது வீட்டு மோட்டாரும் சேர்ந்து இழுக்கும்போது அந்தப் படலம் மெலிந்து உப்பு மேலேறும். தண்ணீர் வரவில்லையே என்று இன்னும் ஆழமாகப் போர் போடுகிறவர்கள் உப்பைத் தேடித்தான் போகிறார்கள். அங்கே குடியிருக்கும் உங்கள் தோழியின் வீட்டுத் தண்ணீரைச் சித்திரையில் ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அந்த ரிப்போர்ட்தான் உங்களுக்குச் சரியான பதில் சொல்லும்.

நான் போரை நம்பி வீடு கட்டச் சொல்ல மாட்டேன். குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் அந்தத் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மொட்டை மாடித் தண்ணீரை நிலத்தடியில் சம்ப் கட்டிப் பிடியுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் நம் மாவட்டத்து மழை விழுந்தால், வீணாவது போக வருடத்துக்கு ஐம்பதாயிரம் லிட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். பத்தாயிரம் லிட்டர் சம்ப் ஒன்று, அது நிறைந்தபின் வழிகிற தண்ணீரைப் போர் பக்கத்தில் இறக்க ஒரு குழி என்று செய்துவிட்டால் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நாள் நிச்சயம் குறையும். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கணக்குக் காட்ட ஒரு குழாயை மண்ணில் சொருகி வைத்தால் அது சேகரிப்பு ஆகாது.

கட்டுமானத் தண்ணீர் வேறு விஷயம். உப்பு ஏறிய போர்த் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் கம்பி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. கடலோரக் காற்றுக்கு எம்30 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் (கவர்) அதே விதி கேட்கிறது. கான்கிரீட் போடும் அன்று நீங்களே நின்று பாருங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காமல் கையில் அகப்பட்ட ஜல்லிக் கல்லைச் சொருகினால் வேலையை நிறுத்துங்கள். அந்த இடத்தில்தான் சில வருடங்களில் கூரை பொரிந்து விழும். நஞ்சை மண் களிமண்ணாக இருந்தால் மழைக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும். அதனால் மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவார ஆழத்தைக் கொத்தனார் கைக்கணக்கில் முடிவு செய்ய விடாதீர்கள்.

இப்போது உங்கள் தோழியின் புகார். இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

சாக்கடைத் தகராறு எப்படி வந்திருக்கும் என்று சொல்கிறேன். வயல் களிமண்ணில் செப்டிக் டேங்க் கட்டி, பக்கத்தில் உறிஞ்சு குழி தோண்டினால் அந்தக் குழி உறிஞ்சாது. முதல் மழையிலேயே நிரம்பிவிடும். என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் குழாயை மனைப்பிரிவுக்குள் ஓடும் மடை வாய்க்காலில் விடுவார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிளாட் போட்டவர் அதற்குள் அடுத்த ஊரில் பிளாட் போடப் போயிருப்பார். அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? இன்னும் விற்காமல் விவசாயம் பார்க்கும் நாலைந்து பேரின் வயலுக்கு. வாய்க்காலில் இறங்கி நாற்றுக்குத் தண்ணீர் கட்டுகிறவரின் காலில் அரிப்பும் புண்ணும் வந்தால் அவர் "பிளாட்டுக்காரங்க" என்று கோபமாகப் பேசாமல் வேறு எப்படிப் பேசுவார்? அவர் கோபம் நியாயமானது. ஆனால் குழாயை விட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. வீடு கட்டும்போதே யோசிக்க வேண்டியதை யோசிக்கவில்லை.

நீங்கள் கட்டும்போது கசியாத செப்டிக் டேங்க்காகக் கட்டுங்கள். வெளியேறும் தண்ணீருக்கு, தரைமட்டத்துக்கு மேலே மணலும் ஜல்லியும் போட்டு மேடாக்கிய பாத்தி அமைத்து வாழை, கல்வாழை வையுங்கள். உங்கள் போருக்கும் அடுத்த வீட்டுப் போருக்கும் ஐம்பது அறுபது அடி தள்ளி அமைவது நல்லது. நான்கு சென்ட்டில் இதற்கு இடம் பார்ப்பது சிரமம்தான். அதனால் வீட்டின் வரைபடத்துக்கு முன்பே இதன் இடத்தைக் குறித்துவிடுங்கள். டேங்க் எடுக்க வரும் லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் கேளுங்கள். ராத்திரியில் கண்மாய் உள்வாயில் கொட்டினால் அது உங்கள் போருக்கே திரும்பி வரும்.

இதற்குப் பின்னால் இன்னும் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். நாற்பத்தெட்டு மடை என்றால் ஒவ்வொரு மடைக்கும் கீழே வயல், அந்த வயலுக்கு ஆட்கள் என்று கணக்கு. கண்மாயைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். மடை திறக்கவும் அடைக்கவும் நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருப்பார். அறுவடையில் அவருக்கு நெல் பங்கு உண்டு. அடைமழையில் ஆளுக்கு ஒரு முறை வைத்துக் கரையில் காவல் இருந்தார்கள், ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்தில் மண் சுமந்தார்கள். வயல் இருந்ததால் செய்தார்கள். இப்போது ஒரு மடைக்குக் கீழே உள்ள வயல் முழுக்க மனையாகிவிட்டால், அந்த மடைக்கு ஆள் கிடையாது. ஷட்டர் துருப்பிடிக்கும். வரத்துக்கால் தூர்ந்தாலும் கேட்க நாதி இருக்காது. நீர்ப்பாய்ச்சியின் மகன் டவுனில் வேலை பார்ப்பான். கண்மாய் மட்டும் அங்கேயே இருக்கும், ஒவ்வொரு கார்த்திகையிலும் நிறையும்.

உங்கள் மாமாவின் பயத்துக்கும், புரோக்கர் சொன்ன தண்ணீருக்கும், உங்கள் தோழியின் தகராறுக்கும் வேர் இதுதான். வயலை வாங்கியவர்கள் வயலோடு வந்த பொறுப்பை வாங்கவில்லை. காலையில் ஏழரைக்கு பஸ் ஏறி இரவு ஏழுக்குத் திரும்புகிற குடும்பங்கள் கரைக்கு மண் சுமக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அறுபது வீடுள்ள மனைப்பிரிவில் வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் போட்டால் ஆறாயிரம் சேரும். அந்த ஊரிலேயே கண்மாயை அறிந்த ஒருவரை, முடிந்தால் பழைய நீர்ப்பாய்ச்சிக் குடும்பத்திலிருந்தே, அந்தச் சம்பளத்துக்கு வையுங்கள். கரையை வாரம் ஒருமுறை நடந்து பார்ப்பது, மடைக்கும் ஷட்டருக்கும் எண்ணெய் போடுவது, வரத்துக்காலில் விழுந்த கருவையை வெட்டுவது, மழை நாளில் தண்ணீர் எந்த அளவு நிற்கிறது என்று எல்லோருக்கும் போனில் சொல்வது. விவசாயம் பார்க்கும் அந்த நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு, அவர்கள் சொல்கிறபடி இதைச் செய்யுங்கள். கண்மாயைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரை அந்த ஊருக்கு மாற்றிக்கொண்டு போய் உட்காருங்கள். பிளாட்டில் குடியிருப்பவர்கள் டவுன் முகவரியிலேயே ஓட்டை வைத்துக்கொண்டு, ஊராட்சி எதுவும் செய்வதில்லை என்று குறைப்படுவது சரியில்லை. மழைக்கு முன் வரத்துக்கால் தூர்வார வேண்டும், கலுங்கு ஓடையை அளந்து கல் நட வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கருக்குள் உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. எந்த அலுவலகத்துக்கு மனு எழுதுவது என்று தெரியாமலே பல மனுக்கள் வீணாகின்றன.

ஊரோடு பழகுவது பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்கள் ஆசிரியை. கரையில் அநேகமாக அய்யனார் கோயில் இருக்கும். மண் குதிரை சுமந்து வரும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு அழைத்தால் போங்கள், அழைக்காவிட்டாலும் போங்கள். முளைப்பாரி கரைக்க ஊர்ப் பெண்கள் கண்மாய்க்கு வரும் நாளில், அந்தப் படித்துறையில் உங்கள் தெருத் தண்ணீர் வந்து சேராதபடி பார்த்துக்கொண்டாலே பாதிப் பேச்சு நின்றுவிடும்.

முன்பணம் பற்றிக் கடைசியாக. ஐப்பசி, கார்த்திகை வரை பொறுக்க விற்பவர் சம்மதித்தால் நல்லது. சம்மதிக்காமல் அவசரப்படுத்தினால், சிறிய தொகை ஒன்றை மட்டும் கொடுத்து, வாய்க்கால், ஓடை எதுவும் மனையில் வரவில்லை என்று சர்வேயர் அளந்து சொன்ன பிறகே மீதி என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கும் மறுத்தால் வேறு மனை பாருங்கள், அந்தச் சாலையில் மனைக்குப் பஞ்சமில்லை. போகும்போது மாமாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கரை எந்த வருடம் உடைந்தது, தண்ணீர் எது வரைக்கும் வந்தது என்று அந்த ஊர் விவசாயிகளிடம் அவர் கேட்டால் கிடைக்கும் பதில், நீங்களோ நானோ கேட்டால் கிடைக்காது. சர்வே எண், புல வரைபடம், மனைப்பிரிவு வரைபடம் மூன்றின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று குறித்து அனுப்புகிறேன்.